ஒரு காலின் சத்தம்

ஜனவரி 12

அண்ணா,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்பாகப் படிக்கப்போகும் அதிகாரி ஐயாவுக்கு முதலில் வணக்கம். என் போன கடிதத்தில் அரைப் பக்கத்தை அவர் கறுப்பு மை பூசி மறைத்திருந்ததாக எழுதியிருந்தாய். அது என்னுடைய வாராந்திர ஓட்டக் கணக்கு. எண்கள் வரிசையாக இருந்ததால் சிறை உடைப்புத் திட்டம் என்று எண்ணியிருப்பார். ஐயா, அவை வெறும் கிலோமீட்டர்கள். அவற்றால் யாரும் எங்கும் தப்பிக்கவில்லை.

இந்த முறை அவருக்கு மை செலவு இல்லை. எண்களே கிடையாது. என் கால் உடைந்துவிட்டது.

விழவில்லை, இடறவில்லை, பள்ளத்தில் கால் விடவில்லை. பாதத்தின் வளைவுக்கு மேலே படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம். ஒரே இடத்தில் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அது மெல்ல விரிசல் விடுமாம். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நாளா வலி?"

"அக்டோபர்லேர்ந்து."

"அக்டோபர்லேர்ந்து என்ன பண்ணீங்க?"

"ஓடினேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சது."

"அப்புறம்?"

"அப்புறமும் ஓடினேன்."

"வீட்ல வேணாம்னு சொல்ல ஆளே இல்லையா?"

அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் ஓடச் சொல்கிறான் என்றேன். அந்த அண்ணனை அழைத்து வரச் சொன்னார். அவனுக்கு இப்போதைக்கு விடுப்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அந்தக் கால் தரையைத் தொடக்கூடாது. நாள் முழுவதும் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் ஊரார் தாடை அச்சுகளுக்கு மாவு கலக்குகிறவள் நான். ஆஸ்பத்திரிப் பையன் என் காலுக்குக் கலக்கியதில் தண்ணீர் கூடிப்போயிருந்தது. சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்றான். "இல்ல, பல்லு செய்றவ" என்றேன். கட்டு இறுக ரொம்ப நேரம் ஆனது.

ஜூன் மாத மாரத்தான் போய்விட்டது. தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் அது ஒன்றுதான் என்பதை நீ எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் உறுத்துகிறது. நீ உள்ளே போன மறுவாரத்திலிருந்து நான் ஒரு நாள்கூட அந்தச் சாலையை விடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் உன் மாணவர்களுக்குச் சொல்வதைத்தானே எனக்கும் சொன்னாய். "இடிச்ச ரோட்டுலயே மறுநாள் ஓட்டணும். இல்லேன்னா பயம் உள்ள உக்காந்துரும்." நீ பைக்கில் என்னை ஒட்டி வந்து, ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து நேரம் சொன்ன அந்த நொடியில் ஒரு மனிதர் சாலையில் இறங்கினார். அந்த இடத்தைத் தினமும் தாண்டி ஓடினேன். பயம் உட்காரவில்லை. எலும்புதான் உட்கார்ந்துவிட்டது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீ அங்கேயும் நான் இங்கேயுமாக ஒன்றாக ஓடுவோமே, இந்த ஞாயிறு நீ மட்டும் முற்றத்தில் ஓடு. நான் கட்டிலில் படுத்தபடி உனக்குத் துணையாக இருப்பேன்.

தங்கை


ஜனவரி 24

அன்புள்ள வாலு,

கடிதம் கிடைத்தது. மை பூசப்படவில்லை. அதிகாரி ஐயா அதைக் கொடுக்கும்போது, "உன் தங்கச்சிக்குக் கால் போச்சாமே?" என்று விசாரித்தார். நம் குடும்பச் செய்திகளை நான் இப்போதெல்லாம் இரண்டாவதாகத்தான் அறிகிறேன்.

முதலில் திட்டு. அக்டோபரில் வலித்தால் அக்டோபரில் எழுத வேண்டும். வண்டியில் கடகடவென்று சத்தம் வந்தால் ரேடியோவை இன்னும் சத்தமாக வைப்பவனுக்கு நான் லைசன்ஸ் வாங்கித் தரமாட்டேன். போகட்டும்.

இப்போது வேலையைப் பார்ப்போம். கால்தான் உடைந்திருக்கிறது. இதயம், நுரையீரல், மூச்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றினால் கால் திரும்பி வரும்போது வீடு காலியாக இருக்காது. எங்கும் போகாமல் தாங்குதிறனைக் காப்பது எப்படி என்று சொல்லித்தர என்னைவிடத் தகுதியான ஆள் இந்த நாட்டில் கிடையாது. அரசாங்கமே செலவு செய்து எனக்கு அந்தப் பயிற்சியைத் தந்துகொண்டிருக்கிறது. பத்தடி அறையில் மூன்று பேர் இருக்கிறோம், அதில் என் மூச்சு மட்டும் போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது.

கட்டு இருக்கும்வரை கை. ஆஸ்பத்திரி உடற்பயிற்சி அறையில் கையால் மிதிக்கும் சைக்கிள் இருக்கும், கேள். மூச்சு வாங்கும்வரை சுற்று, இறங்கும்வரை நிதானி, மறுபடி சுற்று. தரையில் படுத்து இடுப்பும் வயிறும். நல்ல காலால் மட்டும் எழுந்து உட்காருவது. கட்டு பிரிந்ததும் நீச்சல் குளம். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, தரை எட்டாத ஆழத்தில் நின்று ஓடு. தண்ணீரில் பாதத்துக்கு அடி விழாது. அட்டவணை அடுத்த பக்கத்தில். ஐயா, இதற்கும் மை வேண்டாம். நீங்கள் அன்று சொன்ன குதிகால் வலிக்குக்கூட என் தங்கை ஏதாவது வழி சொல்வாள்.

வக்கீலிடம் ஸ்டாப்வாட்ச் பற்றி மறுபடி கேள். சான்றுப் பொருள் அறையில் இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. நல்ல வாட்ச், பேட்டரி கசிந்தால் பாழாகிவிடும்.

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. மேல்முறையீடு மே மாதம் விசாரணைக்கு வருகிறது. இறந்தவரின் மனைவி, தண்டனையைக் குறைப்பதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மீதி இரண்டரை வருடத்தைக் கழித்துவிட வாய்ப்பு அதிகமாம். நீ நேரில் போய்க் கேட்டால் நல்லது என்கிறார். ஊன்றுகோலோடு போனால் இன்னும் நல்லது என்கிறார். ஆகவே, கட்டைப் பிரிப்பதற்குள்.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

கட்டைப் பிரிப்பதற்குள். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன். நான்காம் நாள் வக்கீலே போன் செய்தார்.

"ஊன்றுகோல் மரமா, அலுமினியமாம்மா?"

"அலுமினியம்."

"மரம் கெடைக்காதா?"

உன் வக்கீலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, நாடகக் கம்பெனியில்.

நான் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் உடைந்த காலைக் கூடையில் வைத்து விற்கப் போகமாட்டேன். கணவனை இழந்தவரின் வீட்டு வாசலில் போய் நின்று, "பாருங்கள், எங்களுக்கும் நஷ்டம்தான்" என்று ஒரு பாதத்தைக் காட்டச் சொல்கிறாயா? அவருக்குத் தராசு தெரியாது என்றா நினைக்கிறாய்? கட்டுப் பிரிந்து, ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுத்த பிறகு போவேன். பலித்தால் பலிக்கட்டும்.

உன் அட்டவணையை மட்டும் ஒரு வரி விடாமல் செய்கிறேன். கோபத்தில் இருந்தாலும் நான் ஒழுங்கானவள். உடற்பயிற்சி அறையில் கைச்சைக்கிள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் நான். இன்னொன்றில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். முதல் நாள் நான் தலைதெறிக்கச் சுற்றியதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஊருக்கும்மா இவ்ளோ அவசரம்?"

"எங்கயும் இல்ல சார். மூச்சு கெடாம இருக்க."

"நானும் எங்கயும் இல்ல. ஆனா நான் மெதுவாப் போறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேருவோம்."

மறுநாளிலிருந்து நான் உள்ளே போனதும், "டிக்கெட் டிக்கெட்" என்கிறார். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம்தான் போகிறது. அவருடைய பல் செட் எங்கள் கூடத்தில் செய்ததுதான். அந்தப் பக்கம் தளர்ந்துவிட்டது. எடுத்து வந்து சரி செய்து கொடுத்தேன்.

கூடத்தில் எனக்கு முக்காலி போட்டிருக்கிறார்கள். கட்டுப் போட்ட காலை மாவு மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களுக்கு மேடுபள்ளம் செதுக்குகிறேன். கைச்சைக்கிள் சுற்றிச் சுற்றிக் கையெல்லாம் எரிகிறது, தோள் ஆண்பிள்ளைத் தோளாகிவிட்டது. நாடித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைப் போலவே இருக்கிறது. டாக்டர் கேட்டு ஆச்சரியப்பட்டார். "இதயம் இன்னும் ஓடிட்டேதாம்மா இருக்கு, யாரும் அதுகிட்ட கால் உடைஞ்ச விஷயத்தைச் சொல்லலபோல" என்றார்.

அதிகாரி ஐயாவுக்கு: பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, காலையில் எழுந்ததும் உள்ளங்காலுக்குக் கீழே வைத்து உருட்டுங்கள். வெறுங்காலோடு கல் தரையில் நடக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் அது சிரமம் என்று தெரியும்.

தங்கை


பிப்ரவரி 20

வாலு,

போக வேண்டாம். நான் தவறாகக் கேட்டுவிட்டேன். ஊன்றுகோலை விடு, போவதையே விடு.

இங்கே முற்றத்தில் கழிவுநீர்க் குழாய் மாற்றுகிறார்கள். மூன்று வாரத்துக்கு யாரும் வெளியே விடப்படமாட்டார்கள். அறையில் நின்ற இடத்திலேயே ஓடுகிறேன். பூட்டுக்காரர் (அடுத்தவர் வீட்டுப் பூட்டுகளைத் திறந்ததற்காக வந்தவர்) கட்டிலில் படுத்தபடி பார்ப்பார். நேற்று கேட்டார்: "இவ்ளோ ஓடுறியே, எங்கயாவது போய்ச் சேந்தியாப்பா?" நான் ஓடிக்கொண்டே இருந்தேன். இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை, சத்தியமாக.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் ஓட்டம்தான் எனக்கு மிச்சம். நீ அந்தப் பந்தயத்தில் ஓடிவிட்டால், அன்று காலை நாம் ஏன் அந்தச் சாலையில் இருந்தோம் என்பதற்கு ஒரு பதில் இருக்கும். நீ ஓடவில்லை என்றால், ஒன்றுமில்லாத காரியத்துக்காக ஒரு மனிதரைக் கொன்றவன் ஆகிவிடுவேன். இதைப் பகலில் நினைத்தால் சரியாகத்தான் இருக்கிறது.

அவர் விழுந்தபோது கையிலிருந்த சாப்பாட்டு டப்பா உருண்டு வந்து என் முன்சக்கரத்தில் முட்டி நின்றது. மூடி திறக்கவில்லை. நல்ல மூடி என்று அப்போது நினைத்தேன். என் மண்டையில் முதலில் வந்தது அதுதான்.

அட்டவணையை விடாதே.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வெளுத்து, சுருங்கி, வேறு யாருடையதோ போல ஒரு கால் வந்தது. இப்போது பிளாஸ்டிக் பூட்ஸ். நடக்கலாம், ஓடக்கூடாது. குளத்துக்குப் போகிறேன். மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் நின்று ஓடுகிறேன், சுவர் அப்படியே இருக்கிறது. பக்கத்து வரிசையில் நீந்தும் பெண்கள், யாரோ மூழ்குகிறாள் என்று இரண்டு முறை என்னைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நீதிமன்றத் தாளில் இருந்த முகவரி ஒரு குறுகலான தெரு. அந்தத் தெருவில் நான் ஓடியதே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. கதவைத் திறந்த அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தார்.

"அதைக் கழட்ட முடியாதா? சரி, அப்படியே வாங்க."

துணிகளை மாற்றித் தைத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். முன்னறை முழுவதும் யார் யாருடைய கால்சட்டைகளோ மூட்டை மூட்டையாக இருந்தன. உட்கார இடமில்லாததால் சமையலறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். வெளிச்சத்துக்காக அங்கே போட்டிருக்கிறார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே தகரக் கதவு, அதற்கு அப்பால் கால்வாய்க் கம்பி வேலி, மஞ்சள் மின்பெட்டி, நான் அடியைச் சுருக்கிக்கொள்ளும் வேகத்தடை.

நம் சாலை, அண்ணா. அது அவருடைய பின்வாசல். வரிசையாக ஒரே மாதிரி தகரக் கதவுகள் இருக்குமே, அதில் ஒன்று. அவர் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவராம். காலை வேலைக்கு அந்த வழியாகத்தான் போவாராம்.

நான் ஓடித் திரும்பி வரும்போது, இருட்டு விலகும் முன்பே அந்த ஜன்னலில் எப்போதும் விளக்கு எரியும். நம்மைப் போல யாரோ சீக்கிரம் எழுந்து வேலை பார்க்கும் ஆள் என்று எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். போன வருடம் ஒரு நாள் ஓடிக்கொண்டே கையசைத்தும் இருக்கிறேன்.

"கைய ஆட்டினது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"நான் திருப்பி ஆட்டல."

"ஆமாங்க."

தண்ணீர் கொடுத்தார். பிறகு மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்தபடி பேசினார். அவர் குரல் உயரவே இல்லை.

"அவரு போய் எட்டாம் நாள் சத்தம் கேட்டுச்சு. டப் டப்னு. எட்டிப் பாத்தா நீங்க. யாரோ பைத்தியம்னு நெனச்சேன். மறுநாளும் வந்தீங்க. அதுக்கப்புறம் தெனமும். ஒரு ஆறு மாசம் சாபம் விட்டேன். அப்புறம் அதுவும் அலுத்துப்போச்சு. உங்க சத்தம் கேட்டுதான் எந்திரிப்பேன். அலாரமே வெக்கிறதில்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க. அக்டோபர்ல ஒரு கால் சத்தம் மாறிடுச்சு. ஒண்ணு டப்புனு விழும், இன்னொண்ணு இழுக்கும். மெஷின் சத்தத்துலயே எனக்கு வேலை, சத்தம் மாறினா தெரியும். இது உடையப்போகுதுன்னு தெரிஞ்சது. கதவத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல. எப்ப நிக்கும்னு கேட்டுட்டே இருந்தேன். ஜனவரில நின்னுச்சு. இப்பதான் கொஞ்சம் தூங்குறேன்."

மன்னிப்பு கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவரைப் போல அதைக் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவராகவே அப்பீல் பற்றிப் பேசினார். வக்கீல் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பியிருக்கிறார். அலமாரியில் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது, அதைக் காட்டினார். "அவரு டப்பாவைக் கேட்டேன். உங்க அண்ணன் அப்பீல் முடியற வரைக்கும் எந்தப் பொருளையும் தரமாட்டாங்களாம். வாட்ச்சும் டப்பாவும் ஒரே அட்டைப்பெட்டியில இருக்குதாம்." அவ்வளவுதான் சொன்னார். தரச் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. "அவரு வெளிய வந்தா மொத நாள் காலைல என்ன பண்ணுவாரு?"

தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரவில்லை.

"கேளுங்க. அவரு கையால எழுதச் சொல்லுங்க. படிச்சிட்டுச் சொல்றேன், கையெழுத்துப் போடறதா வேணாமான்னு."

அண்ணா, அவருக்கு நல்ல பதிலாக எழுது. நல்ல பதில் எது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதினால் ஒருவேளை தெரியும்.

தங்கை


ஏப்ரல் 4

வாலு,

உன் கடிதத்தை அதிகாரி ஐயாவே அறைக்குக் கொண்டு வந்தார். வழக்கமாக ஆள் மூலம்தான் வரும். கம்பிக்கு வெளியே நின்று, "உக்காந்து படிப்பா" என்றார், நீயும் அதையே எழுதியிருந்தாய். அவர் போகவில்லை. நான் படித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வாசல் என்று எனக்குத் தெரியாது. உனக்கு வழி போட்ட வரைபடத்தில் அந்தப் பக்கம் வெறும் கோடு.

நான்கு நாள் யோசித்தேன். தனித் தாளில் அந்த அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை. பொறுப்பானவன், திருந்தியவன், ஒழுங்கான திட்டம் உள்ளவன் என்று படிப்பவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதால் விவரமாகவே எழுதினேன். பூட்டுக்காரர் படித்துப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு" என்றார்.

உனக்குப் புது வழி போட்டிருக்கிறேன். கால்வாய்ச் சாலை இனி வேண்டாம். பழைய ஆலைக்குப் பின்னால் மண் பாதை இருக்கிறதே, அது. மண் பாதை எலும்புக்கு மெத்தென்று இருக்கும், நமக்கு ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது. மேடு கொஞ்சம் அதிகம், மூச்சுக்கு நல்லது. டாக்டர் அனுமதித்ததும் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பி. ஜூன் போனால் என்ன, அடுத்த ஜூன் இருக்கிறது. அதற்குள் நான் வந்துவிடுவேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

உன் தாளை அவரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் படித்தேன். படித்தபின் கிழித்துவிடலாமா என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தேன், மூன்று பேருந்து போயின. ஆனால் உன் கையால் எழுதியது வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். நீ எழுதியது இதுதான். இதுதான் நீ. எனவே கொடுத்தேன்.

மெஷினில் உட்கார்ந்தபடியே படித்தார். பைக்கை இனித் தொடமாட்டேன், சைக்கிள்தான் என்று நீ எழுதிய இடத்தில் தலையாட்டினார். ஹெல்மெட் அணிவேன் என்ற இடத்தில் நிறுத்தி, யாருக்காக என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். அதற்கு அடுத்த வரியைச் சத்தமாகவே படித்தார்.

"'ஸ்டாப்வாட்ச்சை இனி கையில் பிடிக்காமல், கைப்பிடியின் நடுவில் பொருத்திவிடுவேன். ஆகவே நேரம் பார்ப்பதற்காகக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.'"

தாளை மடித்தார். கசக்கவில்லை. தைத்து முடித்த துணியை மடிப்பதைப் போல ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்தார்.

"இவரு இன்னும் அந்த வாட்ச்சத்தான் பாத்துட்டிருக்காரு" என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. வாசல் வரை வந்து, "பாத்துப் போம்மா, படி ஒசரம்" என்று மட்டும் சொன்னார்.

டப்பாவைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. நான் உனக்கு எழுதிய கடிதத்தில் அது இருந்தது. அதிகாரி ஐயா மை பூசியிருக்கமாட்டார்.

கால் ஆறிவிட்டது. விரிசல் மூடிவிட்டது என்று படம் பார்த்துச் சொன்னார் டாக்டர். உன் அட்டவணையால் மூச்சு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது, அதற்கு நன்றி. மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். நேற்று மைதானத்தில் என் முதல் நிமிடத்தை ஓடினேன். ஆளில்லாத நேரம். எனக்கு என் காலடிச் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. எப்போதும் உன் குரல்தான் கேட்கும், நீ போன பிறகும் அதுதான் கேட்கும். இரண்டு கால்களும் இன்னும் ஒரே மாதிரி விழவில்லை. ஒன்று பயப்படுகிறது. பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஓடுவேன். எனக்கு அது பிடிக்கும், அதை மறந்தே போயிருந்தேன். ஆனால் நேரம் பார்க்கமாட்டேன், எழுதவும் மாட்டேன். ஞாயிறு ஆறு மணிக்கு இனி எனக்காகக் காத்திருக்காதே. நான் எப்போது ஓடுகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

தங்கை


மே 5

வாலு,

உன் கடிதத்துக்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. மூன்று வாரம் என்ற குழாய் வேலை இழுத்து இழுத்து இப்போதுதான் முடிந்து, முற்றத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு ஞாயிறும் வெளியே போனேன். சட்டைப் பொத்தான்களைக் கொடிக்கம்பத்தடியில் வைத்து, சுற்றுக்கு ஒன்றாக நகர்த்தி எண்ணுவேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு முறையும் பொத்தான்கள் பையிலேயே இருந்தன. முதல் வாரம் நின்றேன். போன வாரம் நடந்தேன். பூட்டுக்காரர் வந்து சேர்ந்துகொண்டு அவர் மனைவியின் சமையலைப் பற்றிப் பேசினார். எத்தனை சுற்று என்று தெரியாது.

மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிவிட்டேன். வக்கீல் வந்து என்னென்னவோ சொன்னார். அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமலேயே கொஞ்சம் குறையும், வாதாடிப் பார்க்கலாம், மூளை இருக்கிறதா என்றெல்லாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிறை அலுவலகத்தில் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதைத் தேடி எடுக்கத்தான் நேரம் ஆனது. கேட்டு வருகிறவர்கள் குறைவாம்.

வழக்கு முடிந்துவிட்டதால் அட்டைப்பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். டப்பாவுக்கு அந்த அம்மா பெயரில் தகவல் போகும். வாட்ச்சை உரியவர் கேட்டு மனு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உடைத்து அழித்துவிடுவார்களாம். மனு கொடுக்கவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்தேன். வெளியே வந்த முதல் நாள் காலையில் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதையே அன்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு சொல்லில் முடிந்திருக்கும், நான் இரண்டு பக்கம் எழுதினேன். யோசிக்க இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

அதிகாரி ஐயாவின் குதிகால் சரியாகிவிட்டது. படிகளில் மெதுவாக ஏறுகிறவர் நேற்று சரசரவென்று ஏறினார். உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். இத்தனை நாள் நாம் எழுதிக்கொண்டதில் முழுசாகக் குணமானது அது ஒன்றுதான்.

டப்பா போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. நீயாகப் போய்க் கேட்க வேண்டாம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நீதிமன்றத்தில் விசாரித்தால் சொல்வார்கள். மூடி திறக்க வருகிறதா என்று மட்டும், எடுத்துத் தருகிற நீதிமன்றச் சிப்பந்தியைப் பார்த்துக் கொடுக்கச் சொல். இரண்டு வருடமாக யாரும் திறந்திருக்கமாட்டார்கள். உள்ளே அன்றைய சாப்பாடு அப்படியே இருக்கும். கழுவிக் கொடுக்கச் சொல். முடியாது என்றால், நீ வாங்கிக் கழுவு.

அண்ணன்